சுவரைப் பார்த்து நின்ற இழுப்பறை

போன வாரம் உங்கள் வரைவறைக்கு வந்திருந்தேன். ஒரு மேசையைக் கணினித் திரையில் நிறுத்தி, சுழற்றி, அடியில் புகுந்து, மேலே ஏறிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மரத்தின் ரேகைகூடத் தெரிந்தது. எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. கிளம்பும்போது, "உங்க காலத்துல இதையெல்லாம் எப்படிங்க மேடம் செஞ்சீங்க, எழுதிக் குடுங்களே" என்று கேட்டீர்கள். கேட்டது உங்கள் தப்பு. இனி முழுசாகப் படித்துத்தான் ஆக வேண்டும்.

தற்பெருமை நிறைய இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அளவுகோல், வளைகோல், இழைப்புளி எதையும் இப்போது தொடுவதில்லை. பெருமையை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறேன்.

நான் முதலில் வேலை பார்த்தது பேட்டர்ன் கடையில். கோயமுத்தூர்க்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை, வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பம்புசெட்டின் இரும்பு உடம்பை வார்ப்பதற்கு முன்னால் அதே வடிவத்தை மரத்தில் செய்து, மணலில் பதித்து எடுப்பார்கள். அந்த மர வடிவத்துக்குப் பேட்டர்ன் என்று பெயர். ஆக, இரும்பை ஊற்றும் முன் மரத்தில் செய்து பார்க்கிற ஊர் இது. பிறகு தொண்ணூறுகளில் பீளமேட்டில் ஒரு மரச்சாமான் பட்டறைக்கு வடிவமைப்பாளராகப் போனேன். மரத்தையே அறுக்கிற இடத்தில், அறுக்கும் முன் எதில் செய்து பார்ப்பது என்று கேட்டேன். ஆளுக்கு ஆள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை ஒரு மேசை நிறுத்தியது. அந்தக் கதைதான் இது.

ஒரு சித்திரை மாதம் கிணத்துக்கடவிலிருந்து ஸ்டெல்லா என்கிற தையல்காரர் தன் வீட்டுக்காரரோடு வந்தார். ஒரு டெம்போ நிறைய வேப்பம் பலகையும் உத்தரக்கட்டையும் கூடவே வந்தன. ஸ்டெல்லாவின் அப்பா வேலை பார்த்த தோட்டத்தில் மாட்டுச்சாளையைப் பிரித்தபோது, தீவனம் போட்டுவைக்கும் பரண் பலகைகளை அவருக்கே கொடுத்துவிட்டார்களாம். ஆணித்துளைகள், முடிச்சுகள், கயிறு உராய்ந்து தேய்ந்த பள்ளங்கள். ஆனால் காய்ந்து கல்லாகிவிட்ட மரம். இனி அது கோணாது, சுருங்காது.

ஸ்டெல்லாவின் வீடு ஒரே அறை. பகலில் அது தையல் கடை. பொழுது சாய்ந்ததும், எழுந்து நடமாட முடியாத மாமனாரின் கட்டிலை வாசல் சாய்ப்பிலிருந்து உள்ளே கொண்டுவர வேண்டும். அதுவரை தரையில் துணியை விரித்து, உட்கார்ந்து குனிந்துதான் வெட்டிக்கொண்டிருந்தார். முதுகு பிடித்துக்கொண்டது. இனி குனிந்து வெட்டினால் தையலையே விட வேண்டிவரும் என்று பொள்ளாச்சி டாக்டர் சொல்லிவிட்டார். அதே நேரத்தில்தான் ஒரு பள்ளிக்கூடத்தின் சீருடை ஆர்டர் அவருக்குக் கிடைத்திருந்தது. பள்ளி திறப்பதற்குள் தைத்துக் கொடுக்க வேண்டும். இதுவரை பாவாடை ஓரம் அடித்துக்கொண்டிருந்தவருக்கு அது முதல் பெரிய வேலை. மேசை சரியாக அமையாவிட்டால் ஆர்டரை வேறொருவருக்கு விட்டுக்கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நின்றுகொண்டு வெட்ட நீளமான மேசை வேண்டும், கட்டில் வரும்போது அந்த மேசை குறுகிவிடவும் வேண்டும். மடக்குப்பலகை மேசைதான் விடை. நிலையான பகுதி ஒன்று சுவரோடு ஒட்டி நிற்கும். அதன் ஒரு முனையில் கீல் வைத்து இன்னொரு பலகை தொங்கும். அதைத் தூக்கினால் அடியிலிருந்து ஒரு கால் கதவுபோலத் திரும்பி வந்து தாங்கும், மேசை நீளும். காலை உள்ளே தள்ளினால் பலகை கீழே இறங்கிவிடும்.

எங்கள் முதலாளி பெரிய மில் குடும்பத்துப் பிள்ளை. வீட்டில் தெலுங்கு, எங்களிடம் கொங்குத் தமிழ், வாய் நிறைய மரியாதை. அவருக்கு அந்தப் பலகைகளைப் பார்த்ததும் வேறொரு ஆசை வந்துவிட்டது. ஊட்டிப் பக்கம் விடுதிக்காரர்கள் அப்போதுதான் ஆணித்துளையும் வெடிப்பும் தெரிகிற மேசைகளைக் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். முதலாளி அதை ரஸ்டிக் என்பார். எங்கள் தலைமைத் தச்சர் மயில்சாமி அண்ணன் அதைச் சோம்பேறி வேலை என்பார். இந்த மேசையை அழகாகச் செய்து, படம் எடுத்து, ஆல்பத்தில் ஒட்டி விடுதிக்காரர்களுக்குக் காட்ட வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

நான் வரைந்தேன். பட்டறைக்குக் கணினி புதிதாக வந்திருந்த நேரம். கறுப்புத் திரையில் பச்சைக் கோடுகளாக மேசை நின்றபோது மயில்சாமி அண்ணன்கூட எழுந்து வந்து பார்த்தார். உயரம், சாப்பாட்டு மேசையின் வழக்கமான உயரம். முன்பக்கம் கத்தரிக்கோல், சாக்குக்கட்டி வைக்க ஓர் இழுப்பறை. பலகை மடங்குவது இடது முனையில். அதற்குக் காரணம் இரண்டு. கட்டில் வந்து நிற்கும் இடம் அந்தப் பக்கம். அதோடு வெட்டுகிறவர் வலது கையால் அழுத்துவார், அந்தப் பக்கம் நிலையான பகுதி கெட்டியாக இருக்க வேண்டும். இடது பக்கம் துணி சும்மா கிடக்கும், அதற்கு மடக்குப்பலகை போதும். யோசித்துச் செய்த வேலை. ஊதுபத்திப் பெட்டி அட்டையிலும் தக்கையிலும் கையளவு மாதிரி ஒன்றும் செய்து வைத்தேன். பலகை தூக்கும், கால் திரும்பும், இழுப்பறைகூட வெளியே வரும்.

ஸ்டெல்லாவும் வீட்டுக்காரரும் வந்து பார்த்தார்கள். மாதிரியைக் கையில் வாங்காமல், எட்ட நின்றே பார்த்தார் ஸ்டெல்லா.

"எப்படிங்க இருக்குது?" என்று கேட்டேன்.

"நல்லாருக்குதுங்க மேடம்."

"உயரமெல்லாம் போதுங்களா?"

"போதுமுங்க. நீங்க செஞ்சா சரியாத்தானுங்க இருக்கும்."

முதலாளிக்கு முகமெல்லாம் சிரிப்பு. அடுத்த வாரம் மயில்சாமி அண்ணன் ஒரு கல்லூரி விடுதியின் கட்டில் வேலைக்குப் போக வேண்டும். அதற்குள் அறுத்துவிடலாம் என்று உத்தரக்கட்டையைத் தூக்கி மேடையில் போட்டாயிற்று.

அன்று மத்தியானம் என் நங்கையா, அதாவது என் அண்ணன் மனைவி, வீட்டில் எனக்குச் சாப்பாடு. சாம்பாரில் உப்பே இல்லை. "எப்படி இருக்குது அம்மணி?" என்று கேட்டார். "நல்லாருக்குதுங்க நங்கையா" என்றேன். இன்னொரு கரண்டி ஊற்றினார். அதையும் சாப்பிட்டேன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்கு உதைத்தது. நம் ஊரில் ஒருத்தர் செய்து கொடுத்ததை அவர் முகத்துக்கு நேரே யார் குறை சொல்கிறார்கள்? உப்பில்லாத சாம்பாருக்கு நான் சொன்ன அதே சொல்லைத்தானே ஸ்டெல்லாவும் சொன்னார்? அதுவும் அந்த எட்ட நின்ற பார்வை. கைகூடக் கழுவினேனா தெரியாது, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன். மயில்சாமி அண்ணன் காதில் பென்சிலோடு காலுக்கு அளவு போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அறுக்காதீங்க."

"ஏனுங்க?"

"முழு அளவுல ஒரு மாதிரி செஞ்சு, அவங்க ஊட்டுக்கே கொண்டுபோய் வெச்சுப் பாத்துப்போட்டு அப்புறம் அறுக்கலாமுங்க."

அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். அவருக்குக் கோபம் வந்தால் அதுதான் அடையாளம். முதலாளியைக் கூப்பிட்டார்கள்.

"அந்தம்மணியே நல்லாருக்குதுன்னு சொல்லிப்போட்டாங்களே. இன்னும் என்னத்துக்குங்க இழுக்கறீங்க?" என்றார் முதலாளி.

"அவங்க அப்படிச் சொன்னதுனாலதானுங்க பயமா இருக்குது."

"இவரு அடுத்த வாரம் இருக்க மாட்டாருங்க. அப்புறம் ஸ்கூல் தொறந்துரும். நாம இழுத்தடிச்சதுனால அவங்க ஆர்டர் போச்சுன்னா அந்தப் பாவம் உங்களைத்தானுங்க சேரும்."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நேரம் கடந்தால் ஸ்டெல்லாவுக்குத்தான் நஷ்டம். ஆனால் இந்தப் பலகைக்கு மாற்றுப் பலகை உலகத்தில் எங்கேயும் இல்லை. அறுத்த பிறகு கால் குட்டை என்று தெரிந்தால் ஒட்டுப்போட்டா வளர்ப்பது? "நாளைக்கு ஒரு நாள் குடுங்க. தப்பாப் போச்சுன்னா நான் வேலையை விட்டு நின்னுக்கறேனுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்றே எனக்கு உறைத்தது. முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரிங்கம்மணி" என்று சொல்லிப் போய்விட்டார்.

இயந்திரங்கள் வந்த பெட்டிகளின் மட்டப் பலகைகளை வைத்து அன்று சாயங்காலமே மேசையின் முழு உருவத்தை ஆணியடித்து நிறுத்திவிட்டேன். இழுப்பறையைச் செய்ய நேரமில்லை. முன்பக்கத்தில் பென்சிலால் ஒரு கட்டம் போட்டு, குமிழ் ஒன்றும் வரைந்துவிட்டேன். காலையில் தெரிந்தவர் டெம்போவில் ஏற்றிக் கிணத்துக்கடவு போய்ச் சேர்ந்தேன்.

ஸ்டெல்லா காப்பி கொடுத்தார். மாதிரி மேசை நான் வரைந்த இடத்தில், சுவரோடு ஒட்டி, அளவு பிசகாமல் உட்கார்ந்தது. கட்டில் வரும் இடமும் சரியாக இருந்தது. "ரொம்ப நல்லாருக்குதுங்க மேடம்" என்றார் ஸ்டெல்லா.

"துணி எடுத்துட்டு வாங்க. ஒண்ணு வெட்டிக் காட்டுங்க."

கத்தரிக்கோலை வலது கையில் பிடித்தார். துணி கடித்துக் கடித்து நின்றது. கோடு எங்கேயோ, கத்தரி எங்கேயோ போனது. அவருக்கு வியர்த்துவிட்டது. "உங்க முன்னால கை நடுங்குதுங்க" என்றார். ஒரு பள்ளிக்கூடம் முழுவதற்கும் துணி கொடுத்து நம்பியிருக்கிறார்கள், இப்படியா வெட்டுவார்? எனக்குப் புரியவில்லை. ஆனால் நான் அந்த அறையில் நிற்கும்வரை அது புரியப்போவதில்லை என்பது மட்டும் புரிந்தது.

"நான் ரோட்டுல எளநி குடிச்சுப்போட்டு வாரேனுங்க. அதுக்குள்ள அந்த நீலத் துணி மொத்தத்தையும் வெட்டி வெச்சுருங்க. மேசையை நெனச்சுக் கவலப்படாதீங்க, அது வெறும் பெட்டிப் பலகை. ஒடஞ்சாலும் ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

இளநீர் குடித்தேன். கடைக்காரரிடம் தேங்காய் விலை பேசினேன். பொள்ளாச்சிப் பேருந்துகள் போவதைப் பார்த்தேன். பொறுக்க முடியாமல் போனபோது திரும்பினேன்.

உள்ளே நுழைந்ததும் என் மேசையைக் காணோம். எதிர்ச்சுவரில் இருந்தது. அதைத் திருப்பாமல் அப்படியே நேராக அறையின் குறுக்கே இழுத்து எதிர்ச்சுவரோடு சேர்த்திருந்தார். நான் வரைந்த இழுப்பறை சுவரைப் பார்த்து நின்றது. ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு செங்கல். அந்த உயரத்தில் முதுகு நிமிர்ந்து நின்றபடி ஸ்டெல்லா வெட்டிக்கொண்டிருந்தார், இடது கையால். துணி தண்ணீர்போல வழிவிட்டது.

என்னைப் பார்த்ததும் கத்தரிக்கோலைச் சட்டென்று வலது கைக்கு மாற்றிக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க மேடம். உங்க மேசையை இழுத்துப்போட்டேன். வெட்டி முடிச்சுப்போட்டுத் திருப்பி வெச்சரலாம்னு..."

"எடது கைங்களா?"

தலையைக் குனிந்துகொண்டார். "ஸ்கூல்ல அடிச்சு அடிச்சு எழுதறதை மாத்திப்போட்டாங்க. சாப்பாடும் மாத்தியாச்சுங்க. வெட்டறது மட்டும் மாற மாட்டேங்குது. பெரியவங்க முன்னால எடது கையால எதையும் செய்யக் கூடாதுன்னு அம்மா சொல்லுவாங்க. துணி குடுத்தவங்க பாத்தா மனசு சங்கடப்படுவாங்கல்லங்க, அதனால கதவைச் சாத்திப்போட்டுத்தான் வெட்டுவேன்."

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. எதிர்ச்சுவரைப் பார்த்து நிற்கும்போது, மடக்குப்பலகை கட்டில் பக்கமே இருந்தபடி அவருக்கு வலப்பக்கம் ஆகிவிடுகிறது. இடது கை அழுத்தும் பக்கம் கெட்டியான பகுதி வந்துவிடுகிறது. ஆகவே இழுப்பறை மறுபக்கம் இருக்க வேண்டும். கால் ஒரு செங்கல் உயரம் கூட வேண்டும். என் படம் அவருக்கு ஒத்து வராது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொல்வது மரியாதையில்லை என்று நினைத்திருந்தார். மயில்சாமி அண்ணனின் ரம்பம் முந்தியிருந்தால், அழகான ஒரு மேசைக்கு முன்னால் முதுகு வளைந்து நின்று, வராத கையால் வெட்டிப் பார்த்துவிட்டு, ஆர்டரைத் திருப்பிக் கொடுத்திருப்பார். அப்போதும் நான் கேட்டால் நல்லாருக்குதுங்க என்றுதான் சொல்லியிருப்பார்.

எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. அந்தச் செங்கற்களைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. "இதுக்குத்தானுங்க இதைத் தூக்கிட்டு வந்தேன்" என்று சொல்லி, தரையில் உட்கார்ந்து செங்கல்லை அளந்தேன்.

பட்டறைக்குத் திரும்பிப் புதுப் படத்தைக் காட்டியபோது முதலாளி முகம் சுளித்தார். இவ்வளவு உயரத்தில் மேசை வைத்தால் ஆல்பத்தில் நன்றாக இருக்குமா என்றார். ஆல்பத்தில் யாரும் துணி வெட்டப் போவதில்லை என்றேன். மயில்சாமி அண்ணன் உத்தரக்கட்டையில் முதல் நாள் தான் போட்டிருந்த பென்சில் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதை இழைத்து அழித்துவிட்டுப் புதுக்கோடு போட்டார்.

ரஸ்டிக் விஷயத்திலும் சண்டை வந்தது. மேல்பலகையில் ஆணித்துளை தெரிய வேண்டும் என்பார் முதலாளி, துணி மாட்டிக் கிழியும் என்பேன் நான். கடைசியில் மேற்பரப்பைத் துளையெல்லாம் அடைத்துக் கண்ணாடிபோல இழைத்தோம். அடிச்சட்டத்திலும் கால்களிலும் முடிச்சு, வெடிப்பு, கயிறு தேய்த்த பள்ளம் எல்லாம் அப்படியே இருந்தன. கை படாத இடத்தில் முரடு, கை படும் இடத்தில் வழவழப்பு. பின்னால் நாங்கள் செய்த அத்தனை மேசைக்கும் அதுதான் இலக்கணமானது. ஊட்டிக்காரர்களுக்கும் அதுவே பிடித்துப்போனது. முதலாளி அது தன் யோசனை என்று எல்லோரிடமும் சொன்னார். போகட்டும். அதற்குப் பிறகு முழு அளவு மாதிரி செய்யாமல் எங்கள் பட்டறையில் ஒரு பலகையும் அறுபட்டதில்லை. அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவள் நான்தான். மாதிரியைக் கொடுத்துவிட்டு வெளியே போய் இளநீர் குடிப்பதும் அந்த வழக்கத்தில் சேர்த்தி.

மேசை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சீருடைகளும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

ஆடி மாதம், பொள்ளாச்சிக்கு மரம் பார்க்கப் போகிற வழியில் கிணத்துக்கடவில் இறங்கினேன். காற்றும் சாரலுமாக இருந்ததால் கட்டில் பகலிலேயே உள்ளே வந்திருந்தது. மாமனார் தூங்கிக்கொண்டிருந்தார். வேப்பமர மேசை மடங்கிச் சுவரோடு நின்றது. வாசல் கதவு திறந்தே இருந்தது. அடுத்த பள்ளியின் துணிக்கட்டு ஒன்று மூலையில் ஏறியிருந்தது.

"மேசை எப்படிங்க இருக்குது?" என்று கேட்டேன். பழக்கதோஷம்.

ஸ்டெல்லா கொஞ்சம் தயங்கினார். பிறகு சொன்னார்: "ஒண்ணு சொல்லோணுங்க மேடம். மழை ஆரம்பிச்சதுலிருந்து பலகையை மடக்கறப்ப கிறீச்சுன்னு கத்துதுங்க. மாமா முழிச்சுக்கறாரு. இதை நீங்கதானுங்க சரி பண்ணிக் குடுக்கோணும்."

கல்லாகிவிட்ட மரம் என்று நான் பீற்றிக்கொண்டது சாரல் காற்றில் கொஞ்சம் உப்பிவிட்டிருந்தது. எத்தனையோ பேர் என் வேலையைப் பாராட்டியிருக்கிறார்கள், மேடையில் ஏற்றிச் சால்வைகூடப் போர்த்தியிருக்கிறார்கள். அந்தக் குறைக்கு இணையாக ஒன்றும் கிடைத்ததில்லை.

எண்ணெய் போட்டால் துணியில் கறை படும். மெழுகு இருக்கிறதா என்று கேட்டேன். மாதா படத்தின் கீழே எரிந்து மிச்சமிருந்த மெழுகுவத்தித் துண்டை எடுத்து வந்து நீட்டினார், இடது கையால். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. வாங்கிக்கொண்டு, இரண்டு பலகையும் உரசும் விளிம்பில் நன்றாகத் தேய்த்தேன். தூக்கி, மடக்கிப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. மாமனாரும் அசையவில்லை.

"இப்ப எப்படிங்க?" என்றேன்.

ஸ்டெல்லா கிட்டே வந்தார். தானே ஒருமுறை பலகையைத் தூக்கி, காது கொடுத்துக் கேட்டபடி மெதுவாக இறக்கினார்.

"இன்னுங் கொஞ்சம் தேய்க்கோணுங்க மேடம்" என்றார்.